கணக்கு நோட்டை எடுத்து உக்காரவே மனசு வரலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

14 வருஷமா சாயங்காலம் எங்க வீட்டு மொட்டை மாடில கணக்கு டியூஷன் எடுக்குறேன், எட்டாவதுலேர்ந்து ப்ளஸ் டூ வரைக்கும். பிள்ளைங்க கேக்குறது, அவங்க அம்மா அப்பா கேட்ல நின்னு கேக்குறது, வேலைக்குப் போயிட்டு திரும்ப படிக்க வர்றவங்க தயங்கித் தயங்கி கேக்குறது, எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே கேள்விங்கதான். அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன்.

கணக்குல இன்ட்ரஸ்ட்டே இல்லக்கா. முதல்ல இன்ட்ரஸ்ட் வந்தாத்தானே படிக்க முடியும்?

நான் பார்த்த வரைக்கும் இது தலைகீழாத்தான் நடக்குது. ஒரு கணக்கை யாரோட உதவியும் இல்லாம நாமளே போட்டு முடிச்சு, பின்னாடி விடைய திருப்பிப் பார்த்து அது சரியா இருந்தா உள்ள ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அதுதான் இன்ட்ரஸ்ட். அது வரட்டும் அப்புறம் நோட்டை எடுக்கலாம்னு காத்திருந்தா அது வராது, ஏன்னா அது வர்ற வழியே நோட்டு வழியாத்தான்.

ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் வந்தான், முதல் நாலு நாள் பேனா மூடியைக் கூட திறக்கல. அஞ்சாவது நாள் அவன் புக்கை மூடி வச்சிட்டு, ஆறாம் வகுப்பு பின்னக் கணக்கு ஆறு எழுதிக் குடுத்தேன், மூணுல ரெண்டும் நாலுல ஒண்ணும் கூட்டுற மாதிரி. பத்து நிமிஷத்துல அஞ்சு சரியா போட்டுட்டான். நான் டிக் போட்டுக்கிட்டு இருக்கும்போதே "இன்னும் அஞ்சு குடுங்கக்கா"ன்னான். அன்னிக்கு நான் அவனுக்கு அட்வைஸ்னு ஒரு வார்த்தை சொல்லல. அவனால போட முடியிற இடம் எதுன்னு கண்டுபிடிச்சு அங்கேர்ந்து ஆரம்பிச்சேன், வேற எதுவும் பண்ணல.

ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் போடணும்?

பத்தாவது வரைக்கும் 40 நிமிஷம், ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூன்னா ஒரு மணி நேரம், ஆனா தினமும். வாரம் பூரா தொடாம ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி நேரம் உக்காந்தா முதல் ஒரு மணி நேரம் போன வாரம் விட்ட இடத்தைத் தேடுறதுலயே போயிடும், கடைசி ரெண்டு மணி நேரம் கை மட்டும்தான் எழுதும், தலை எங்கயோ இருக்கும். பிரான்ஸ்ல ஹென்றி பாயிங்கரேன்னு ஒரு பெரிய கணித மேதை இருந்தார், அவரே காலைல ரெண்டு மணி நேரம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னுதான் வச்சிருந்தாரு. கணக்குல ரொம்பப் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடலை 2022ல வாங்குன ஜூன் ஹு, ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் ஆழ்ந்து வேலை பாக்க முடியுதுன்னு சொல்லியிருக்காரு. அவங்களுக்கே அவ்ளோதான்னா நம்ம பிள்ளைங்கள ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்கார வைக்கிறதுல என்ன நியாயம்?

நேரத்தை விட முக்கியம், எதுக்கு அப்புறம் உக்காரப் போறோம்ங்கிறது. "ஆறு மணிக்கு உக்காருவேன்"ன்னா ஆறு ஆறரை ஆயிடும், ஆறரை ஏழாயிடும். "ஸ்கூல் விட்டு வந்து, டீ குடிச்சு, டம்ளரை கழுவி கவுத்துன கையோட கணக்கு நோட்டு"ன்னு ஏற்கனவே தினமும் நடக்குற ஒரு வேலையோட முடிச்சுப் போட்டு வச்சுக்கோங்க. நோட்டும் பேனாவும் அந்த இடத்துலயே இருக்கணும், தேட விட்டா அவ்ளோதான். காய்ச்சல், கல்யாண வீடு, ஊர்த் திருவிழான்னு வந்துட்டா அன்னிக்கு ரெண்டே ரெண்டு கணக்கு போதும். சின்னதா இருக்கட்டும், ஆனா அறுந்து போகக் கூடாது.

21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு சொல்றாங்களே?

இதை நம்பி 22வது நாள் "எனக்கு இன்னும் வரலையே"ன்னு மனசு விட்டுப் போன பிள்ளைங்கள நான் நிறைய பார்த்திருக்கேன், அதனால கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், அந்த 21க்கு பின்னாடி ஒழுங்கான ஆதாரம் இல்ல. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் அவங்க கூட இருந்தவங்களும் 96 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2010ல வெளியிட்டாங்க. ஒரு செயல் தன்னால வர்ற அளவுக்கு பழக சராசரியா 66 நாள், சிலருக்கு 18 நாள், இன்னும் சிலருக்கு அவங்க கணக்குப்படி 254 நாள் வரைக்கும் போகும்னு வந்துச்சு. அதுல செஞ்சதெல்லாம் பழம் சாப்பிடுறது, தண்ணி குடிக்கிறது, ஓடுறது மாதிரி விஷயங்கதான், கணக்கு இல்ல, அதனால அந்த நம்பரை அப்படியே நமக்குப் பொருத்திப் பாக்காதீங்க. எனக்கு அதுல பிடிச்சது இன்னொரு விஷயம்: நடுவுல ஒரு நாள் விட்டுப் போனா பெருசா ஒண்ணும் கெட்டுப் போகலையாம். ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது ஆரம்பிச்சா காலாண்டு லீவு வர்றப்போ ஓரளவு பழகியிருக்கும்னு வச்சுக்கோங்க.

மிஸ் போடும்போது நல்லா புரியுது, வீட்டுக்கு வந்து தனியா போட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது. ஏன்?

என்கிட்ட வர்ற நூறு கேள்வில அம்பது இதுதான்னு சொல்லலாம். அடுத்தவங்க போடுறத பாக்குறப்போ ஒவ்வொரு வரியும் சரியாத்தான் தெரியும், "ஆமா ஆமா"ன்னு தலை ஆடும். ஆனா அடுத்த வரி என்னன்னு முடிவு எடுத்தது மிஸ்ஸு, நீங்க இல்ல. அந்த முடிவு எடுக்குறதுதான் கணக்கு. பக்கத்து சீட்ல உக்காந்து நூறு தடவ பஸ்ல போனாலும் ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாதுல்ல, அது மாதிரி.

2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல காலேஜ் பிள்ளைங்கள வச்சு சோதிச்சாங்க. ஒரு பாடத்தை திரும்பத் திரும்ப படிச்சவங்க ஒரு பக்கம், ஒரு தடவ படிச்சிட்டு மூடி வச்சு ஞாபகத்துலேர்ந்து எழுதிப் பார்த்தவங்க ஒரு பக்கம். அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா திரும்பத் திரும்ப படிச்சவங்கதான் ஜாஸ்தி சொன்னாங்க. ஒரு வாரம் கழிச்சு கேட்டா மூடி வச்சு எழுதினவங்க நல்லாவே முந்திட்டாங்க. கைடைப் பார்த்து நாலு தடவ எழுதுற நம்ம பழக்கம் அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான் உதவுது.

நான் பிள்ளைங்ககிட்ட செய்ய சொல்றது இது. கணக்கை ஒரு தடவ புரிஞ்சு படி. கைடை மூடு, மூடுனா நிஜமாவே மூடு, விரலை உள்ள வச்சுக்கிட்டு இல்ல. எழுது. எந்த வரில நின்னுச்சோ அங்க சிவப்பு பேனாவுல ஒரு கோடு போடு. இப்ப திறந்து அந்த ஒரு வரிய மட்டும் பாரு, மறுபடி மூடிட்டு மீதிய எழுது. நாளைக்கு அதே கணக்கை வெள்ளைப் பக்கத்துல முதல்லேர்ந்து போடு, சிவப்புக் கோடு இல்லாம வந்துச்சுன்னா அந்தக் கணக்கு உன்னுது. முதல் வாரம் இது ரொம்ப மெதுவா போகும், ஒரு நாளைக்கு மூணு கணக்கு கூட தாண்டாது, பக்கத்துல இருக்கவங்க ஒரு பயிற்சியே முடிச்சிருப்பாங்க. பயப்படாதீங்க.

ஒரு கணக்குல மாட்டிக்கிட்டா எவ்ளோ நேரம் முட்டிக்கிட்டு இருக்கணும்?

15 நிமிஷம். ஆனா அந்த 15 நிமிஷம் சும்மா உத்துப் பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது, கை ஏதாவது செஞ்சுக்கிட்டே இருக்கணும். போன மாசம் நடந்ததை அப்படியே எழுதுறேன்.

கணக்கு இது: ஒரு பஸ் 180 கிலோமீட்டர் போகணும், வேகத்தை மணிக்கு 15 கிலோமீட்டர் கூட்டுனா ஒரு மணி நேரம் முன்னாடியே போய்ச் சேரும், அப்போ முதல்ல என்ன வேகம்? பத்தாவது படிக்கிற பொண்ணு, "புரியலக்கா"ன்னு நோட்டை என் பக்கம் தள்ளிடுச்சு. நான் திருப்பித் தள்ளி, "சும்மா ஒரு வேகம் சொல்லு பாப்பா"ன்னேன்.

"30."

"30ல போனா 180 போக எவ்ளோ நேரம்?"

"ஆறு மணி நேரம்."

"15 கூட்டு."

"45. அப்போ... நாலு மணி நேரம். ரெண்டு மணி நேரம் மிச்சம், நமக்கு ஒண்ணுதானேக்கா வேணும்?"

"அப்போ?"

கொஞ்ச நேரம் மேல பார்த்துட்டு அதுவே 45ன்னு எடுத்துச்சு. 45ல நாலு மணி நேரம், 60ல மூணு. ஒரு மணி நேரம் வித்தியாசம், விடை வந்துடுச்சு. மூஞ்சிய பாக்கணுமே அப்போ! அதுக்கப்புறம்தான் கேட்டேன், 30க்கும் 45க்கும் நீ என்ன செஞ்சியோ அதையே எக்ஸ்க்கு செய்யின்னு. 180 பை எக்ஸ், மைனஸ் 180 பை, அடைப்புக்குள்ள எக்ஸ் ப்ளஸ் 15, ஈக்வல் டு 1 அப்படின்னு தானா எழுதிடுச்சு. எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் 15 எக்ஸ் மைனஸ் 2700 ஈக்வல் டு ஜீரோன்னு கொண்டு வந்து, 60, 45ன்னு காரணிப்படுத்தி முடிச்சுடுச்சு. புரியலன்னு நோட்டைத் தள்ளுன அதே பொண்ணுதான்.

அதனால மாட்டிக்கிட்டா நம்பர் போட்டுப் பாருங்க, படம் வரைஞ்சு பாருங்க, குடுத்தது என்ன கேட்டது என்னன்னு தனித்தனியா எழுதிப் பாருங்க. 15 நிமிஷம் ஆகியும் வரலையா, ஒரு வரி மட்டும் விடையப் பாருங்க. அதுலயும் வரலன்னா நோட்டு ஓரத்துல ஒரு நட்சத்திரம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க, மறுநாள் காலைல பாதி நட்சத்திரம் தானா விழுந்துடும்.

போட்டதெல்லாம் ஒரே மாசத்துல மறந்துடுது. நிலைச்சு நிக்க என்ன பண்றது?

மறக்குறது உங்க தப்பு இல்ல, எல்லா மூளையும் அப்படித்தான். எப்பிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885லயே தன்னையே வச்சு சோதிச்சு, படிச்ச முதல் கொஞ்ச நேரத்துலதான் வேகமா மறக்குது, இடைவெளி விட்டு திரும்பப் படிச்சா நிக்குதுன்னு காட்டிட்டாரு. நம்ம புக்குல இருக்குற பிரச்சனை என்னன்னா ஒரு பயிற்சில இருக்குற பத்து கணக்கும் ஒரே மாதிரி இருக்கும். முதல் கணக்குல என்ன செஞ்சோமோ அதையே பத்துலயும் செஞ்சா விடை வந்துடும், யோசிக்கவே வேணாம். பரீட்சைல கேள்வி மேல "இது முக்கோணவியல்", "இது அளவியல்"னு எழுதி ஒட்டியா குடுப்பாங்க?

ரோரர், டெய்லர்னு ரெண்டு பேர் 2007ல ஒரு சோதனை வெளியிட்டாங்க, நாலு விதமான கன உருவத்தோட கன அளவு கண்டுபிடிக்கணும். ஒரு குழு ஒவ்வொரு வகையா வரிசையா போட்டாங்க, இன்னொரு குழு நாலையும் கலந்து போட்டாங்க. பயிற்சி நேரத்துல வரிசையா போட்டவங்க 89 சதவீதம் சரி, கலந்து போட்டவங்க 60தான். ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் வச்சா வரிசைக்காரங்க 20, கலந்து போட்டவங்க 63. இதை நான் எங்க மாடில செவுத்துல எழுதியே வச்சிருக்கேன், ஏன்னா கலந்து போடும்போது தப்பு நிறைய வரும், பிள்ளைங்க "எனக்கு வரலக்கா"ன்னு துவண்டு போயிடுவாங்க, அப்போ செவுத்தைக் காட்டுவேன்.

வீட்டுல செய்ய ஒரு வழி. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணு எடுத்துக்கோங்க. ஒரு கணக்கை சரியா முடிச்சதும் அதோட பயிற்சி எண், கணக்கு எண் ரெண்டையும் சின்ன சீட்டுல எழுதி உள்ள போடுங்க. தினமும் புதுக் கணக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி குலுக்கி ரெண்டு சீட்டு எடுத்து அதைப் போடுங்க. வந்துச்சுன்னா சீட்டு திரும்ப உள்ள, வரலன்னா வெளிய தனியா வச்சு நாளைக்கு மறுபடி. அரையாண்டு வர்றப்போ பாட்டில் நிறைஞ்சிருக்கும், தனியா ரிவிஷன்னு ஒண்ணு பெருசா தேவைப்படாது.

எல்லாம் தெரியும், கேர்லெஸ் மிஸ்டேக்குலதான் மார்க் போகுது.

கேர்லெஸ்னு பேர் வச்சா அதை சரி பண்ண வழியே இல்லாம போயிடும். தப்பை எல்லாம் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க, என்ன தப்புன்னு ஒரே வரி. ஒரு பொண்ணு ஒரு மாசம் எழுதி 23 தப்பு சேர்ந்துச்சு, எண்ணிப் பார்த்தா அதுல 14 ஒரே தப்பு: அடைப்புக்குறிக்கு முன்னாடி மைனஸ் இருந்தா உள்ள இருக்குற ரெண்டாவது குறிய மாத்தாம விட்டுடும். 5 மைனஸ், அடைப்புக்குள்ள எக்ஸ் மைனஸ் 3ன்னா, 8 மைனஸ் எக்ஸ் வரணும், அது 2 மைனஸ் எக்ஸ்னு எழுதியிருக்கு. இது கவனக்குறைவே இல்ல, ஏழாவதுலேர்ந்து கூடவே வந்த ஒரு ஓட்டை. ஒரு வாரம் தினமும் பத்து அடைப்புக்குறி கணக்கு மட்டும் குடுத்தேன், அடைஞ்சிடுச்சு.

ஃபார்முலா, வாய்ப்பாடு எல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

வாய்ப்பாடு, பண்ணணும். 20 வரைக்கும், தூக்கத்துல கேட்டாலும் சொல்ற மாதிரி. ஏழெட்டு எவ்ளோன்னு யோசிக்கிற நேரத்துல கணக்கு எந்த வரில இருந்துச்சுங்கிறதே மறந்து போகும். நம்ம ஊர் திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடிங்கிற பழைய வாய்ப்பாட்டு நூலை வச்சு முந்திரி, காணி, மான்னு பின்னத்தையே சத்தமா சொல்லிச் சொல்லி பழகுனாங்க, முந்திரின்னா 320ல ஒரு பங்கு, அதையும் வாயாலயே போட்டாங்க. ஃபார்முலா எப்படி வந்துச்சுன்னு ஒரு தடவையாவது எழுதிப் பார்த்துட்டு அப்புறம் மனப்பாடம் பண்ணுங்க.

பேஸே வீக். ப்ளஸ் ஒன் வந்துட்டேன், இப்ப போய் எப்படி?

பின்னாடி போகணும், வேற வழி இல்ல, ஆனா நினைக்கிற அளவுக்கு தூரம் இல்ல. எட்டாம் வகுப்பு புக்கை எடுத்து ஒவ்வொரு பாடத்துலயும் ரெண்டு கணக்கு போட்டுப் பாருங்க, அரசாங்க பாடப்புத்தகம் எல்லாமே நெட்ல இலவசமா கிடைக்குது. வர்ற பாடத்தை விட்டுடுங்க, வராததை மட்டும் ரெண்டு மூணு வாரம் போடுங்க. பெரும்பாலும் பின்னம், மைனஸ் குறி, அடுக்கு, காரணிப்படுத்துறது, இந்த நாலுலதான் சிக்கல் இருக்கும். வெக்கப்படுறவங்க இருக்காங்க, என்கிட்ட வந்த ஒரு பொண்ணு ஏழாவது புக்குக்கு ப்ரவுன் ஷீட் அட்டை போட்டு மேல ப்ளஸ் ஒன் ஃபிசிக்ஸ்னு லேபிள் ஒட்டி கொண்டு வந்துச்சு. மூணு வாரம் அப்படியே படிச்சுச்சு. நான் ஒரு வார்த்தை கேக்கல, அட்டை போட்டா என்ன, பின்னம் வந்துடுச்சே.

ஃபோன்?

வேற ரூம்ல. சைலன்ட்ல பக்கத்துல வச்சிருக்கேன்ங்கிறது வேலைக்கு ஆகாது. வீடியோ பார்த்து படிக்கணும்னா பாருங்க, ஆனா கணக்கு போர்டுல வந்ததும் நிறுத்திட்டு நீங்க போட்டுட்டு அப்புறம் ஓட விடுங்க.

ரெண்டு வாரம் விட்டுப் போச்சு. திரும்ப ஆரம்பிக்கவே பயமா இருக்கு.

விட்டுப் போன ரெண்டு வாரத்தையும் இன்னிக்கே பிடிச்சிடணும்னு உக்காராதீங்க, அங்கதான் மறுபடி விழுறாங்க. இன்னிக்கு கிளாஸ்ல எது நடந்துச்சோ அதுலேர்ந்து ரெண்டு கணக்கு, பாட்டில்லேர்ந்து ஒரு சீட்டு, முடிச்சிடுங்க. விட்டுப் போனதுல ஒரு நாளைக்கு ஒரு கணக்குன்னு பின்னாடி சேர்த்துக்கலாம்.

(பெற்றோர் கேட்டது) பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா சண்டையில முடியுது. மார்க் எடுத்தா சைக்கிள் வாங்கித் தரேன்னு சொல்லலாமா?

முதல்ல ஒண்ணு. "எனக்கும் கணக்கு வராது, உனக்கு என் ரத்தம்தானே" அப்படின்னு தயவு செஞ்சு பிள்ளை காதுல விழுற மாதிரி சொல்லாதீங்க. 2015ல அமெரிக்காவுல ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்கள வச்சு பார்த்தாங்க, கணக்குன்னாலே பதட்டப்படுற அப்பா அம்மா அடிக்கடி ஹோம்வொர்க்குல உதவி பண்ணா, அந்த வருஷம் அந்தப் பிள்ளைங்க கணக்குல கம்மியா கத்துக்கிட்டு, பயத்தையும் சேர்த்து வாங்கிக்கிச்சுங்க. அதுக்காக விலகி நிக்க சொல்லல. சொல்லிக் குடுக்குற வேலைய விட்டுட்டு கேக்குற வேலைய எடுத்துக்கோங்க: "இந்தக் கணக்கை எனக்கு சொல்லிக் குடேன்"னு பக்கத்துல உக்காருங்க, காய் நறுக்கிக்கிட்டே கேளுங்க. பிள்ளை சொல்லும்போது எங்க திணறுதோ அதுக்கே தெரிஞ்சிடும்.

சைக்கிள் விஷயம். 1973ல ஒரு சோதனை, படம் வரையிறதுல ஆசையா இருந்த நர்சரி பிள்ளைங்கள்ல சிலர்கிட்ட வரைஞ்சா சர்டிஃபிகேட் தருவோம்னு முன்கூட்டியே சொன்னாங்க. குடுத்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு பார்த்தா அந்தப் பிள்ளைங்கதான் சும்மா இருக்கும்போது மத்தவங்கள விட கம்மியா வரைஞ்சாங்க. சைக்கிள் வாங்கிக் குடுங்க, பிள்ளைக்கு வேணும்னா குடுங்க, கணக்கு மார்க்கோட கட்டாதீங்க. பாட்டில் எவ்ளோ நிறைஞ்சிருக்குன்னு கேட்டுப் பாருங்க, அது போதும்.

எனக்கு கணக்கு மூளையே இல்லையோன்னு தோணுது.

2014ல ஃபீல்ட்ஸ் மெடல் வாங்குன முதல் பெண், ஈரான்ல பிறந்த மரியம் மிர்சாகானி. ஸ்கூல்ல ஒரு வருஷம் கணக்குல சுமாரா பண்ணி ஆர்வமே விட்டுப் போச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, தன்னை மெதுவா யோசிக்கிறவன்னுதான் சொல்லிப்பாங்க. தரைல பெரிய பெரிய பேப்பரை விரிச்சு வரைஞ்சுக்கிட்டே இருப்பாங்களாம், அவங்க பொண்ணு அம்மா பெயின்டிங் பண்றாங்கன்னு சொல்லுமாம்.

நம்ம ராமானுஜனை எடுத்தா, எல்லாரும் நாமகிரித் தாயார் கனவுல வந்து ஃபார்முலா சொன்னாங்கங்கிறதை மட்டும் சொல்லிட்டு விட்டுடுறாங்க. கும்பகோணத்துல அவரு பேப்பர் வாங்க காசு பத்தாம சிலேட்டுல போட்டு முழங்கையாலயே அழிச்சு அழிச்சு மறுபடி போட்டவரு, பள்ளிக்கூட வயசுலயே நிரூபணம் அதிகம் இல்லாத ஒரு ஃபார்முலா தொகுப்பை கைல வாங்கி ஒவ்வொண்ணா தானே போட்டுப் பார்த்தவரு. முழங்கை கறுத்துப் போற அளவுக்கு உழைச்சவரை வெறும் அதிசயமா மட்டும் காட்டுனா பிள்ளைங்க என்ன எடுத்துக்குவாங்க? அந்த சிலேட்டைப் பத்தி சொல்லுங்க.

எனக்கு 36 வயசு, குரூப் 4 எழுதணும், கணக்கைத் தொட்டு இருபது வருஷம் ஆச்சு. முடியுமா?

முடியும். 200 கேள்வில 25 திறனறிவு, பெரும்பாலும் பத்தாவதுக்குள்ள அடங்கிடும்: தனி வட்டி, கூட்டு வட்டி, மீ.பொ.வ (மீப்பெரு பொது வகுத்தி), மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு), விகிதம், சதவீதம், ஆள் நாள் கணக்கு, பரப்பளவு. முதல் மாசம் சுருக்குவழி எதுவும் பாக்காதீங்க, சாதாரண வழிலயே போடுங்க, சுருக்குவழி பின்னாடி வேகத்துக்கு. என்கிட்ட வர்ற ஒரு அக்கா மளிகைக் கடைல பில் போடுறாங்க, மத்தியானம் கடைல கூட்டம் இல்லாத இருபது நிமிஷம்தான் அவங்க நேரம், பழைய பில் பின்பக்கம் வட்டிக் கணக்கு போடுவாங்க. ராத்திரி ஏழாவது படிக்கிற அவங்க பையன் அதைத் திருத்துவான், சிவப்பு பேனா அவன்கிட்டதான் இருக்கு. போன வாரம் ஒரு கூட்டு வட்டி கணக்குல அவன் தப்புன்னு கோடு போட்டதை இவங்க சரின்னு நிரூபிச்சு, ரெண்டு பேரும் அந்த பில்லை எடுத்துக்கிட்டு ராத்திரி எட்டரைக்கு எங்க வீட்டு கேட்டைத் தட்டுனாங்க. அக்கா போட்டதுதான் சரி.